பலாபத்தல வழியில் கேட்கக்கூடாத கேள்வி

சிவனொளிபாதமலைக்கு ஹட்டன் வழியாக ஏறியவர்கள் எழுதியது இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. எங்கள் இரத்தினபுரிப் பக்கத்து நீண்ட வழியைப் பற்றி எழுதத்தான் ஆளில்லை. அந்தக் குறையைத் தீர்க்கலாம் என்று போன ஜனவரியில், மழை ஓய்ந்த ஒரு செவ்வாய்க்கிழமை, நாங்கள் நான்கு பேர் கஹவத்தையிலிருந்து கிளம்பினோம். கூட்டம் நெரியும் போயா என்ற பௌர்ணமி நாளையும் சனி ஞாயிறையும் வேண்டுமென்றே தவிர்த்தோம்.

நான், என் தங்கை விஜி, என் கணவர் செல்வம், டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ரிஸ்வான் நானா. நானாவுக்குச் சிவனொளிபாதம்தான் பாவா ஆதம் மலை. பெயர் எதுவானாலும் முழங்கால் ஒரே மாதிரிதான் வலிக்கும் என்பது அவர் கட்சி. என் கணவர் பஸ் டிரைவர், ஏழாவது தடவை ஏறுகிறார். ஆகவே அவர்தான் எங்கள் 'நடே குரா'. சிங்கள யாத்திரைக் குழுவை நடத்திப் போகிறவருக்கு அந்தப் பெயர். எங்கள் தேயிலைத் தோட்டத்திலும் அப்படியே சொல்கிறோம். நடே குரா சொன்னால் மறுபேச்சு இல்லை.

வேன் போக வர 14,000 ரூபா. காலை நான்கு மணிக்குப் புறப்பட்டு ஆறு மணிக்குப் பலாபத்தல. அங்கேயே ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டோம். என் கணவர் மட்டும் தொடவில்லை. மலை உச்சியைத் தொடும்வரை தண்ணீர் மட்டும்தான் என்று சாமி படத்துக்கு முன்னால் சொல்லிவிட்டாராம். இரண்டு வருஷமாகச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, உள்ள மனிதர். விரதம் என்றால் மாத்திரையும் இல்லைதானே என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. அது என் பிழை.

ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர் ஏற்றம். முதலில் தேயிலைக் காணித் துண்டுகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, பிறகு காடு, உடைந்த கற்படிகள். ஹட்டன் பக்கம் போல அடிக்கொரு கடை கிடையாது. கிளம்பும்போதே நடே குரா சட்டம் போட்டார்: 'முடியல' என்று யாரும் சொல்லக்கூடாது, 'இன்னும் எவ்வளவு தூரம்' என்று கேட்கவே கூடாது. கேட்டால் மலை நீளும் என்பது இங்கே பழைய நம்பிக்கை. மீறியவர் அடுத்த தேத்தண்ணிக் கடை வரை பொதுப் பையைச் சுமக்க வேண்டும். விஜி அரை மணி நேரத்திலேயே கேட்டு மாட்டினாள். அதற்குப் பிறகு மூன்று தடவை.

பத்து மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கியது. குளிரில் காது விறைத்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தாலே வாய் ஓயாத மனிதர் ஒரு மணி நேரமாகப் பேசவில்லை. தலைவர் கெத்துக் காட்டுகிறார் என்று நினைத்தேன். 11.10க்குத் தடியை ஊன்றி நின்று என்னைப் பார்த்தார்.

"கலா, இன்னும் எவ்வளவு தூரம்?"

விஜி விழுந்து விழுந்து சிரித்தாள். பையைக் கொண்டுபோய் அவர் தோளில் மாட்டினாள். அவர் சிரிக்கவும் இல்லை, வாதாடவும் இல்லை. ஆறு தடவை ஏறிய ஆள் என்னிடம் தூரம் கேட்கிறார். அந்தக் குளிரிலும் அவர் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. கல்லில் உட்கார வைத்ததும் பேச்சு குழறியது.

"ஏங்க, காலையில மாத்திர போட்டீங்களா?"

ஆமென்று தலையை ஆட்டினார். வெறும் வயிற்றில் மாத்திரை, உடம்பில் சீனி இறங்கிவிட்டது. நானா அவர் கையைப் பிடித்துப் பார்த்து, "தங்கச்சி, கை ஐஸ் மாதிரி ஈக்கிது" என்று சொல்லிவிட்டு மேலே ஓடினார். போனில் சிக்னல் இல்லை. இரண்டு வளைவு தள்ளி இருந்த கடையிலிருந்து, கடைக்கார அம்மாவைக் கூட்டிக்கொண்டு, நான்கு கரண்டி சீனி போட்ட பிளேன்டீயோடு வந்தார். இவரோ வாயை மூடிக்கொண்டார். உச்சியை இன்னும் தொடவில்லையாம். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"சாமிக்கிட்ட நான் சொல்லிக்கிறேன். குடிங்க."

குடித்தார். கால் மணி நேரத்தில் முகத்தில் களை திரும்பியது. ரொட்டி, பிஸ்கட், ஒரு துண்டு கித்துல் கருப்பட்டி எல்லாம் உள்ளே போயின. கடைக்கார அம்மா காசு வாங்க மறுத்துவிட்டார். உச்சிக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர்தான் என்றார். நடே குரா உடனே தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். மறுபேச்சு இல்லை என்று மேலே எழுதினேன் அல்லவா, அன்றைக்கு நான் பேசினேன். இறங்கினோம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஏற ஏழு மணி நேரம், இறங்க ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டர் கட்டாயம், அட்டை கடிக்காமல் இருக்கக் காலில் சவுக்காரம் தேய்த்தால் போதும். சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் விரதத்தைப் பற்றி டொக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். குளுக்கோஸைப் பையின் அடியில் போடாமல் சட்டைப் பையில் வையுங்கள். கூட வருபவர் சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா என்று வாய்விட்டுக் கேளுங்கள். அவர் ஆறு தடவை ஏறியவராக இருந்தாலும் கேளுங்கள். பேச்சு நின்றுபோன ஆளைக் கவனியுங்கள். அன்று அவர் தன் சட்டத்தைத் தானே மீறியிருக்காவிட்டால் நான் பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்திருப்பேன்.

நாங்கள் உச்சியைப் பார்க்கவில்லை. மாலை ஐந்து இருபதுக்குப் பலாபத்தல வந்து சேர்ந்தோம். இறங்கும் வழி முழுக்கப் பொதுப் பை விஜியிடம்தான். எடு என்று யாரும் சொல்லவில்லை. என் தோளைப் பிடித்து நடந்த மனிதர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் நான் பதில் சொன்னேன்.