ஒட்டுத்தாடி

திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளியில் நான் ஆசிரியை. சுதந்திர தின ஒற்றுமை நாடகத்துக்கு விவசாயி, ராணுவ வீரர், டாக்டர் என்று பிள்ளைகளைப் பிரித்தேன். முஸ்லிம் வேடத்துக்கு யோசிக்கவே இல்லை. அதுதான் வகுப்பில் ரியாஸ் இருந்தானே!

ஒட்டுத்தாடியைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது.

"எங்க அத்தாவுக்கே தாடி இல்லையே டீச்சர்."

"தாடி இருந்தாத்தாண்டா முஸ்லிம்னு தெரியும்" என்று பசை தடவி ஒட்டினேன்.

நாடகம் முடிந்த பிறகுதான் அவன் அத்தா வந்தார். காரியாபட்டியில் கடை வைத்திருப்பவர். வெள்ளை வேட்டி, மழித்த முகம். மகனைப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"எம் மகனுக்கு என்ன வேசம் டீச்சர்?"

ரியாஸ் தாடியைப் பிய்த்தெடுத்தான், தாடை சிவந்திருந்தது.

அவன் எதுவாக இருக்கிறானோ, அதையே அவனுக்கு வேடமாக மாட்டியிருந்தேன். அதை அவரிடம் எந்த வாயால் சொல்வேன்?