கனிசியஸுக்குப் பூச்சியம் லீற்றர்

படகு ஓட்டும் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்த அந்த வருசம், கரையில் நாற்பத்தொரு படகுக்கும் சேர்த்து வாரத்துக்கு அறுநூறு லீற்றர்தான் வந்தது. பங்கிடும் வேலை, மீனவர் சங்கத்தில் பயிலுநராக இருந்த ஜெனிற்றாவின் தலையில் விழுந்தது. வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள். எந்தப் படகு லீற்றருக்கு எத்தனை கிலோ மீன் கொண்டுவந்தது என்று போன மாதப் பதிவேட்டில் பார்த்து, மொத்த மீன் உச்சமாக வரும்படி கணினியே எண்ணெயைப் பங்கிடுமாறு செய்தாள். தன் கெட்டித்தனத்தில் அன்று முழுக்க மிதந்தாள்.

பட்டியல் ஒட்டிய காலையில் படகுக்காரர் கனிசியஸ் வந்தார். அவர் பெயருக்கு நேரே பூச்சியம்.

"எனக்கு ஒரு சொட்டும் இல்லையோ, பிள்ளை?"

தலைவர் துரைராஜா முந்திக்கொண்டார். "கொம்பியூட்டர் சொல்லுது, நாங்கள் என்ன செய்யிறது?"

"அப்ப சரி. இனி ஆரும் கடலிலை காணாமல்போனால் அதையே தேட விடுங்கோ."

அவர் போனபின் ஜெனிற்றா பதிவேட்டைத் திறந்தாள். கனிசியஸ், மூன்று நாள், எழுபது லீற்றர், மீன் இல்லை. இயந்திரம் நின்று நெடுந்தீவுக்கு அப்பால் அலையில் அடித்துச் செல்லப்பட்ட ஜெரிசனைத் தேடி இழுத்துவந்த நாட்கள் அவை. கரைக்கே தெரியும். அவளும் அவனுக்காகக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தியவள்தான். எண்ணெய் எரிக்காமல் மிதந்த ஜெரிசனுக்குக் கணக்கில் ஒரு குறையும் இல்லை. பட்டியலில் முதலாவது பெயர் அவனுடையது, நாற்பது லீற்றர்.

பதிவேட்டைத் தலைவர் பக்கம் திருப்பிவைத்தாள்.

"தலைவர், அந்த மூண்டு நாளும் அவர் தொழிலுக்குப் போகேல்லை. ஜெரிசனைத் தேடித்தான் போனவர்."

"ஒராளுக்கு மாத்தினால் எல்லாரும் வருவினம், பிள்ளை."

ஜெரிசன் அங்கேதான் நின்றான். தன் வெறும் எண்ணெய்க் கான்களை வரிசையாக அடுக்குவதில் அவனுக்கு அப்படியொரு மும்முரம்.

ஜெனிற்றா கணினியில் அந்த மூன்று நாள் வரிகளையும் அழித்துவிட்டுக் கணக்கைத் திரும்ப ஓடவிட்டாள். கனிசியஸுக்குப் பதினெட்டு, ஜெரிசனுக்கு இருபத்திரண்டு.

"கொம்பியூட்டர் மாத்திப் போட்டிருக்கு, தலைவர்."

"ஓம், அது சொன்னால் சரிதான்." பார்க்காமலே கையெழுத்து வைத்தார்.

பூச்சியம் விழுந்தபோதும் ஏன் என்று கேட்காத மனிதர், பதினெட்டு விழுந்தபோதும் கேட்கவில்லை. அவர்மேல் வந்த அருவருப்பு அவரோடு நிற்கவில்லை. பூச்சியத்தை முதலில் பார்த்தவள் அவள், பார்த்துவிட்டுத்தானே ஒட்டினாள்? கனிசியஸின் கதை தெரிந்ததால் திருத்தினாள். மற்ற நாற்பது பேரின் கதை?

பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.