ஆபிரகாம் அண்ணன் வீட்டு ஒரிஜினல் தோல்

தோல் சோபா சுத்தம் செய்கிறவன் நுழைந்த வீட்டில், அன்றைக்கு வீட்டுக்காரருக்கே உட்கார இடம் இருக்காது. இந்தக் கஷ்டம் சோபா வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், துடைத்துப் பிழைப்பவர்களுக்கும் தெரியும். பெங்களூர் ஜோகுபாளையத்து ஆபிரகாம் அண்ணனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் தன் வீட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் வியர்வையோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஃபேன் காற்று முழுவதும் சோபாவுக்கு. அந்த வாரமே மாரடைப்பில் போய்விட்டார். கடைசியாகப் பார்த்த அன்றும் மனிதரைத் தன் சோபாவில் உட்காரவிடவில்லையே என்று எனக்கு வெட்கம். அந்தச் சோபா விஷயத்தில் எனக்கு இருக்கிற வெட்கங்களில் இது சின்னது. இன்னும் கொஞ்ச நேரம் காயட்டும் என்று நான் சொன்னதற்கு அவர் கோபப்படக்கூட இல்லை. "சரிப்பா, அது ரெஸ்ட் எடுக்கட்டும். எனக்கு என்ன, வாட்ச்மேன் வேலை பாத்தவன், வெளிய உக்காந்து பழக்கம்தான்" என்றார்.

ஒரு சொட்டுத் தண்ணீர்

இந்த வேலையை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. சிவாஜிநகரில் பழைய சோபா பிரிக்கிற கடையில் துண்டுத் தோல்களை வாங்கி, ஒவ்வொரு மருந்தாகத் தேய்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். எந்த மருந்து என்பது பிறகு. முதலில் என்ன தோல் என்று பார்க்க வேண்டும். மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சிக் கறுத்தால் அது பூச்சு இல்லாத தோல், ரொம்ப மென்மையாகக் கையாள வேண்டும். சொட்டு அப்படியே நின்றால் மேலே பூச்சு இருக்கிறது, அல்லது அது தோலே இல்லை. சந்தேகம் வந்தால் மெத்தையின் ஜிப்பைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். நார் நாராக இருந்தால் தோல். நெய்த துணி தெரிந்தால் ரெக்சின், துணிமேல் பூசிய போலித் தோல்.

ஆபிரகாம் அண்ணன் எங்களைப் போலவே கோலார் தங்கவயல்காரர். சுரங்கம் மூடியபின் பெங்களூர் வந்து, ஒரு அபார்ட்மென்ட் கேட்டில் நின்றார். லாரியிலிருந்து தோல் சோபாக்கள் இறங்கி லிஃப்டில் ஏறுவதை வருஷக்கணக்காகப் பார்த்தவர். மகள் ஷீலா வேலைக்குப் போனதும் அவருக்கு வாங்கிக் கொடுத்த முதல் பொருள் இந்தக் கறுப்புச் சோபா. நான் முதல்முறை போனபோது பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு வைத்திருந்தார். நான் ஜிப்பைத் திறந்தேன். வெள்ளைத் துணி. வாளியோடு நின்ற என் மனைவி வசந்தாவும் பார்த்துவிட்டாள். "என்ன குமாரு, ஒரிஜினல்தானே? எம் பொண்ணு எடுத்தது" என்றார் அண்ணன். நான் ஜிப்பை மூடி, "நல்ல பொருள்ணா" என்றேன். பஸ் ஸ்டாப்பில் வசந்தா வாளியைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்: "நல்ல பொருள்னியே, யார சொன்ன, சோபாவயா, அந்தப் பொண்ணயா?"

டப்பாவைத் திறந்து மூடுவது

ரெக்சினுக்கு வெந்நீரில் பாத்திரம் கழுவுகிற திரவம் இரண்டு சொட்டு போதும். தோல் க்ரீம் தடவினால் உள்ளே போகாது, மேலேயே பிசுபிசுவென்று நிற்கும். ஆனால் அண்ணன் எதிரில் உட்கார்ந்து பார்ப்பார். அதனால் க்ரீம் டப்பாவைத் திறந்து அவர் மூக்குக்கு நேராகக் காட்டி, துணியை டப்பாவுக்குள் விட்ட மாதிரி விட்டு, வெறும் சோப்புத் தண்ணீரால் துடைப்பேன். கல்யாண வீட்டில் சாப்பிடாமலே கை கழுவுகிறவனைப் போல இருக்கும் எனக்கு.

ஒரு கிறிஸ்துமஸ் சமயம், தோலுக்குத் தேங்காய் எண்ணெய் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவரே சோபா முழுக்கத் தேய்த்துவிட்டார். கேக் சாப்பிட வந்த பாஸ்டரின் வெள்ளைப் பேன்ட் அதோடு போயிற்று. என்னைக் கூப்பிட்டு, "தோல்னா எண்ணெய குடிக்கும்னாங்களேப்பா, இது ஏன் குடிக்கல?" என்றார். வெயில் இல்லை அண்ணா, குளிரில் தோல் இறுகிக்கொள்ளும் என்று ஏதோ உளறினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் திரும்பிச் சொன்னார்: "பாத்தியா, படிக்கல, ஆனா தோலப் பத்தி இவன்கிட்ட கேளு."

தொம்மலூர் மேடம்

பொய்க்குக் கை பழகிவிட்டால் அது அடுத்த வீட்டிலும் வேலை செய்யும். அண்ணன் வீட்டை முடித்த கையோடு ஒருநாள் தொம்மலூரில் ஒரு ஃப்ளாட்டுக்குப் போனேன். தேன் நிறத்தில் நிஜமான தோல், பூச்சு இல்லாதது. அதற்கு நுரையை மட்டும் எடுத்து, வெள்ளைத் துணியில் ஒற்றி ஒற்றித் துடைக்க வேண்டும். நான் ஏதோ ஞாபகத்தில் அண்ணன் வீட்டில் செய்வது போலவே வாளிச் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, அழுத்தி ஒரு இழுப்பு இழுத்துவிட்டேன். துணியில் தேன் நிறம். சோபாவின் கையில் வெளுத்த பட்டை.

அந்த மேடம் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். சத்தம் போடவில்லை. என் துணியைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார். காசு வேண்டாம் மேடம், கலர் வாங்கி வந்து சரி செய்கிறேன் என்றேன். கலர் பூசினாலும் பழைய தோல் ஆகாது என்பது எனக்கும் தெரியும். அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்: "தோலுக்கும் ரெக்சினுக்கும் வித்தியாசம் தெரியுமா உங்களுக்கு?"

மாடிப்படி

ரெக்சினுக்கு வயதானால் உரியும். எந்த மருந்தும் அதை நிறுத்தாது. எண்ணெய், வியர்வை, மழைக்கால ஈரம் எல்லாம் சேர்ந்து மேல் பூச்சு கறுப்புச் செதிலாகக் கழலும். அண்ணன் எழுந்து நடந்தால் சட்டை முதுகில் காக்கா இறகு ஒட்டிய மாதிரி இருக்கும். அவருக்கு அது அவமானம். ஆலயத்துக்குப் போகும்முன் ஷீலா அவர் முதுகைத் தட்டிவிட்டு அனுப்புவாள். அப்போது வசந்தா இறந்து ஒரு மழைக்காலம் கழிந்திருந்தது. நான் தனியாகத்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

ஷீலா தன் அப்பா எதிரில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "என்ன கெமிக்கல் போட்டீங்க? ஒரிஜினல் தோல் எப்படி உரியும்?" உண்மையைச் சொன்னால் என் பெயர் தப்பும். அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் எடுத்துக் கொடுத்தது என்று ஊர் முழுக்கச் சொன்ன மனிதர். "என் மருந்துதான் கொஞ்சம் ஸ்ட்ராங்கா போயிடுச்சும்மா" என்றேன். உரிந்த இடத்தில் பூச ஒரு கறுப்புப் பூச்சு கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு இறங்கினேன். படியில் பின்னாலேயே செருப்புச் சத்தம். ஷீலா. கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "தோல் வாங்க அப்ப என் சம்பளம் எங்க அங்கிள் பத்தும்? வீட்டுல கொண்டாந்து இறக்கினப்ப அப்பா எல்லார் எதிர்லயும் தோலான்னு கேட்டாரு, ஆமான்னுட்டேன். ரெக்சின்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்னு இப்பதான் தெரியுது."

சாவு வீடு

பூச்சைப் பூசிக் காய வைத்த அன்றுதான் நான் முதலில் சொன்ன அந்த ஸ்டூல். அது முடிந்த சில நாளில் சாவுச் செய்தி. போனபோது சோபாவைத் தூக்கித் தெருவில் பந்தலுக்கு அடியில் போட்டிருந்தார்கள், வந்தவர்கள் உட்கார. நான் பூசிய பூச்சும் உரிந்து, வெள்ளைச் சட்டைகளின் முதுகெல்லாம் கறுப்பு.

அண்ணனின் மச்சான் ஆம்பூரிலிருந்து வந்திருந்தார். அங்கே தோல் தொழிற்சாலையிலேயே காலம் கழித்தவர். ஒரு செதிலை எடுத்து விரலில் உருட்டினார். குனிந்து உரிந்த இடத்தை நகத்தால் கீறினார். "இது தோலே இல்லியே" என்றார், நாலு பேருக்குக் கேட்கும்படி. பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஷீலா திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. "தோல்தாங்க, ஒரிஜினல். நான்தான் ஆசிட் மாதிரி ஏதோ போட்டுக் கெடுத்துட்டேன். எனக்கு வேலை சரியா தெரியாது" என்றேன். பாஸ்டர், பக்கத்து வீட்டுக்காரர், என்னை வேலைக்குக் கூப்பிடுகிற அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். மச்சான் என்னை மேலும் கீழும் பார்த்தார். நம்பினாரா என்று தெரியாது. செதிலைக் கீழே போட்டுக் கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "எம் மாமன் வீட்டுத் தோலயே துணியாக்கிட்டியேப்பா, எங்க வீட்டுப் பக்கம் வந்துடாத."

ஜோகுபாளையத்தில் யாரும் இப்போது என்னைக் கூப்பிடுவதில்லை. அந்தச் சோபாவில் மரச்சட்டமும் பஞ்சும் மிச்சம் இருக்கின்றன, ஷீலா அதற்குப் பூப்போட்ட துணி உறை தைத்துப் போட்டிருக்கிறாள், அழுக்கானால் கழற்றித் துவைத்துக்கொள்ளலாம்.