நொட்டைக்காரியும் விமானத்தின் வாலும்

பொம்மை விமானம் என்று அவள் காதுபடச் சொல்லிவிட்டு யாரும் தப்பிக்க முடியாது. "பொம்மை இல்ல, மாதிரி!" என்று ஒரு பிடி பிடித்துவிடுவாள். அவள் கணவர் வரைபடம் போட்டு, அச்சு வெட்டி, சின்னஞ்சிறு ஜெட் விமானங்களைப் பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் அடைத்து விற்கிறவர். பெட்டிக்குள் போகுமுன் ஒவ்வொரு துண்டையும் நிஜ விமானத்தின் படங்களோடு ஒத்துப் பார்ப்பது அவள் வேலை. சக்கரக் கதவு, ஆணி வரிசை, எரிபொருள் மூடி எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பட்டறையில் அவளுக்கு நொட்டைக்காரி என்றே பெயர். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

இந்த முறை நொட்டை வாலில். நிமிர்ந்து நிற்கும் வால் இறக்கை ஒரு நகக்கண் அளவு அகலம் அதிகம்.

"அகலமா? அருங்காட்சியகத்துல நானே ஏணி போட்டு ஏறி அளந்தேன்," என்றார் கணவர்.

"டேப்ப வளைச்சுப் பிடிச்சிருப்பீங்க."

"ஆமா, எனக்கு அளக்கத் தெரியாது. கல்யாணம் ஆனதுலேர்ந்து எனக்கு ஒண்ணுமே தெரியாது!"

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. அந்த அச்சு ஒரு வருட உழைப்பு. வாரக் கடைசியில் அதை உலையில் இட்டு இறுக்கிவிட்டால் அப்புறம் ஆண்டவனே வந்தாலும் திருத்த முடியாது. திருத்துவதென்றால் இப்போதே பாதி அச்சைப் புதிதாக வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு அவர் அளந்ததுதான் சரி என்று ஆகிவிட்டால்? நல்ல வாலைக் கெடுத்த பழி அவள் தலையில் விழும்.

மறுநாள் இருவரும் முகம் கொடுத்துப் பேசாமலே அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். அவளே ஏணியில் ஏறி அளந்தாள். நம்பாமல் மறுபடியும் அளந்தாள். அவர் சொன்ன அளவேதான், இம்மி பிசகவில்லை. ஆனால் கையில் இருந்த பழைய படங்கள் அத்தனையிலும் வால் ஒடுக்கம். இதென்னடா கூத்து என்று முழித்தாள்.

கீழே ஏணியைப் பிடித்திருந்தவர் அங்குள்ள விமானங்களைப் பராமரிக்கும் பெரியவர். "என்னம்மா, வாலையே மொறைச்சுப் பாக்கறீங்க?" என்றார். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அட, அது இதோட வாலே இல்லம்மா! இங்க கொண்டு வரும்போது லாரியிலேர்ந்து விழுந்து வால் நசுங்கிப் போச்சு. இதுக்கு அடுத்து வந்த ரகத்தோட வால் ஒண்ணு சும்மா கெடந்துது, தூக்கி மாட்டிட்டோம். இதுவரைக்கும் யாருமே கேக்கல."

அப்பாடா என்று அவள் ஏணிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அச்சை மறுபடி வெட்டத்தான் வேண்டும். ஆனால் அவள் கண்ணும் பொய்க்கவில்லை, அவர் கையும் பிசகவில்லை. கணவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லித்தான் ஆக வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஏங்க, நீங்க அளந்தது சரிதான்."

ஒரு வருட உழைப்பில் பாதியை அந்த நிமிடம் பறிகொடுத்த மனிதர், வாயெல்லாம் பல்லாகப் பெரியவரின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஐயா, கேட்டீங்கல்ல? நீங்கதான் சாட்சி. எங்க கூப்பிட்டாலும் வந்து சொல்லணும்!"