காலையில் மட்டும் வரும் சத்தம்

மார்கழி பிறந்ததும் என் காருக்கு ஒரு வியாதி வந்தது. விடியற்காலையில் சாவியைத் திருப்பினால், பானெட்டுக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவதுபோல டக் டக் என்று ஒரு சத்தம். தெருமுனை திரும்புவதற்குள் நின்றுவிடும். செய்யாறு பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு வேலை. முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் ஆரணி வரைக்கும் வராது. இங்கிருந்து போவது நான் ஒருத்திதான், ஒருத்திக்காக பஸ் விடுவார்களா? அதனால்தான் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பழைய காரை வாங்கினேன். கார் இல்லையென்றால் வேலையும் இல்லை.

என் கணவர் பவர்லூம் ஓட்டுகிறவர். தறிச் சத்தத்திலேயே வளர்ந்த குடும்பம் என்பதால் எங்கள் வீட்டில் உப்பு கேட்டால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். ஆனாலும் நாலு தறி ஒன்றாக ஓடும்போது எதில் எந்தப் பல்சக்கரம் முனகுகிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார். அந்தக் காதை நம்பி என் காரைக் காட்டினேன்.

"உள்ள ஏதோ தேஞ்சு போயிருக்குது. கெட்டியா ஒரு ஆயில் ஊத்தினா அடங்கிடும்," என்றார்.

தறிக்கு அதுதான் வைத்தியம். ஊரில் எந்தத் தறிக்காரரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார். பழைய ஆயிலை வடித்துவிட்டு, கடையில் இருந்ததிலேயே கெட்டியானதை ஊற்றிக்கொண்டு வந்தார். மத்தியான வெயிலில் ஸ்டார்ட் செய்து காட்டினார். சத்தமே இல்லை. அவருக்குப் பெருமை தாங்கவில்லை, எனக்கும் சந்தோஷம்தான்.

மறுநாள் காலையில் சத்தம் முன்பைவிட மோசம். மெயின் ரோட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. அதன்பிறகு தினமும் நான் கிளம்பும்போது லுங்கியோடு வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். சில நாளில் தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"என்ஜின் போச்சு. பேஜாரு புடிச்ச வண்டி, வித்துடலாம். கலசப்பாக்கத்துல ஒருத்தர் கேட்டுகினு இருக்காரு. ஞாயித்துக்கெழம வரச் சொல்லிட்டேன்."

"அப்ப என் வேலை இன்னாங்க ஆவறது?"

"பாத்துக்கலாம்."

இந்தப் 'பாத்துக்கலாம்' காதில் விழுந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் பார்ப்பது, எப்போது பார்ப்பது? அதன்பிறகு அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கம்பெனி போய்ச் சேர்ந்ததும் வழக்கமாகப் பண்ணும் போன் மட்டும்தான்.

கோபம் இருந்தாலும் மூளை வேலை செய்தது. ஷிப்ட் முடிந்து கம்பெனி வாசலில் ஸ்டார்ட் செய்தால் சத்தம் வருவதில்லை. தேய்ந்துபோன இரும்பு மத்தியானத்தில் மட்டும் வளர்ந்துவிடுமா? ஒருநாள் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்தேன். உறைந்து கிடந்தது, கவிழ்த்தாலும் வரவில்லை. வண்டிக்குள்ளும் இதே கதைதான் என்று அப்போதுதான் பட்டது. ராத்திரி முழுக்க அடியில் இறங்கிக் கிடக்கும் ஆயில் காலையில் மேலே ஏற வேண்டும். அது வரும்வரை மேலே இருக்கும் பாகங்கள் காய்ந்தபடி தட்டிக்கொள்ளும். கெட்டி ஆயில் இன்னும் மெதுவாகத்தானே ஏறும்? தறிக்கு இந்தக் கவலை கிடையாது, கையால் விட்ட இடத்திலேயே எண்ணெய் நிற்கும்.

பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஆயில் ஊற்றும் துளையின் மூடி மேலேயே 5W-30 என்று போட்டிருந்தது. அவர் ஊற்றியது 20W-50. போனில் தேடினேன். முதலில் வரும் எண் சின்னதாக இருந்தால் குளிரிலும் ஆயில் இளக்கமாக ஓடுமாம். விற்பதானாலும் நல்ல வண்டியாக விற்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. விற்காமல் தடுக்க வேறு வழியும் தெரியவில்லை.

சனிக்கிழமை வேலை முடிந்து நேராக மெக்கானிக்கிடம் போனேன். வடிந்த ஆயிலைப் பார்த்துவிட்டு அவர், "இன்னும் கறுக்கவே இல்லீங்க. ஊட்டுல சார கேட்டீங்களா?" என்றார்.

"வண்டி என்னுதுங்க," என்றேன். அவர் 5W-30 டப்பாவை எடுத்துத் திறந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும் முன்பே கலசப்பாக்கத்துக்காரர் வந்துவிட்டார். விவரமான ஆள். முன்கூட்டியே சூடு பண்ணி வைத்திருக்கிறோமா என்று பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்திருக்கும். சாவியைத் திருப்பினார். லேசாக ஒரு தட்டல் கேட்டது, அதோடு சரி. என் கணவர் நம்பாமல் வண்டியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆயில மாத்திட்டேன்," என்றேன்.

"வண்டி நல்லா கீதுங்க. ஏன் விக்கிறீங்க?" என்று வந்தவர் கேட்டார்.

நியாயமான கேள்வி. பதிலுக்காக நானும் என் கணவரைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பாமல், வந்தவரிடமே, எங்கள் வீட்டுக்கே உரிய உரத்த குரலில் சொன்னார்.

"இருட்டுல தனியா போறா. அந்தச் சத்தத்தோட எங்கனா வழியில நின்னுட்டா? போய்ச் சேந்துட்டேன்னு இவ போன் பண்ற வரிக்கும் நான் தறியே போடறது இல்லீங்க. தறி ஓடினா போன் அடிக்கிறது காதுல விழாது."

தெருவுக்கே கேட்டிருக்கும். எனக்குக் கோபம் வந்தது.

"இத எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாங்க?"

"சொன்னா நீ பயந்துகினே ஓட்டுவ."

வந்தவர் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார். சாவியை என் கையில் கொடுத்தார்.

"ஒரு டீ மட்டும் போடுங்கம்மா, குடிச்சிட்டுக் கெளம்பறேன்," என்றார்.