கினி தொடாத தீன்

கடந்த ஆண்டு நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்கு மறுநாள், யாழ்ப்பாண நகரில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு கினிப்பன்றி விருந்தாளியாக வந்தது. அடுத்த தெருவில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் மக்காவுக்கு உம்ரா யாத்திரை புறப்பட்டபோது, பதினைந்து நாள் பார்த்துக்கொள்ளும்படி கூட்டையும் ஒரு பை தீனையும் என்னிடம் ஒப்படைத்தார். டீச்சர் முஸ்லிம். அந்தப் பிராணியின் பெயரில் பின்பாதியை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "கினி" என்றுதான் கூப்பிடுவார். உடனே அது "வீக் வீக்" என்று கத்தியபடி கம்பியருகே ஓடிவரும்.

முந்திய வருடம் விற்றமின் சி குறைந்து கினியின் பின்னங்கால்கள் இழுபட்டுப் போயிருந்தன. பிழைத்ததே பெரிய காரியம். அந்தச் சத்துச் சேர்த்த பெலட் தீன், சின்னச் சின்ன உருளைகள், கொழும்பிலிருந்துதான் வரவேண்டும்.

"தம்பி, புல்லு எவ்வளவும் குடுங்கோ. ஆனா பெலட் ஒரு நாளும் தவறக்கூடாது. காத்துப் படாமல் வையுங்கோ, சத்துப் போயிடும்" என்றார் டீச்சர். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "வீட்டிலை நான் கதைக்கிறதுக்கு உவள் ஒருத்திதான் இருக்கிறாள்" என்றும் சொன்னார்.

பத்திரிகையில் பல வருடம் செய்தி திருத்தியவன் நான். எதையும் குறித்து வைப்பது பழக்கம். மனைவி கேக் அடிப்பதற்கு வைத்திருக்கும் தராசில் கினியை இருத்தினேன். தொள்ளாயிரத்து நாற்பது கிராம். ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன். முதல் இரண்டு நாளும் பெலட் கிண்ணம் துடைத்ததுபோல் காலியானது.

மூன்றாம் நாள் மாலை கிண்ணம் வைத்தபடியே இருந்தது. நான்காம் நாளும் அப்படித்தான். கினி கிட்டே வரும், முகர்ந்து பார்க்கும், மூலையில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு குந்திவிடும். பெலட்டை நனைத்துக் கொடுத்தோம். நொறுக்கி வல்லாரை இலையில் சுற்றிக் கொடுத்தோம். இலையையும் சேர்த்துத் தள்ளிவிட்டது. ஆறாம் நாள் தராசு எண்ணூற்று எண்பது காட்டியது.

"டீச்சர் செல்லம் குடுத்துக் கெடுத்து வைச்சிருக்கிறா. ருசி பாக்கிறவள்! புல்லை நிப்பாட்டிப் பாருங்கோ, பசிச்சாத் தானாத் தின்னும்" என்றாள் மனைவி. "இந்த வீட்டிலை ருசி பாக்கிற ஆள் ஒருத்தர் போதாதெண்டு இதுவும் வந்திட்டுது" என்று எனக்கும் ஒரு குத்து விட்டாள்.

எனக்கும் அவள் சொன்னது நியாயமாகவே பட்டது. ஏழாம் நாள் காலையில் புல் போடவில்லை. மத்தியானம் நான் கூப்பிட்டபோது கினி கத்தவில்லை. மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி இருந்தது. கூட்டில் புழுக்கையும் இல்லை. எனக்கு டீச்சரின் முகம்தான் முன்னால் வந்தது. காட்போட் பெட்டியொன்றில் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடினேன்.

வைத்தியர் இளம்பெண். பட்டினி போட்ட கதையைக் கேட்டதும் அவருடைய முகம் மாறிவிட்டது.

"ஐயா, உது நாயோ பூனையோ இல்லை. உதின்ரை குடல் எந்த நேரமும் ஓடிக்கொண்டே இருக்கோணும். நிண்டுதெண்டா எங்களாலை ஒண்டும் செய்யேலாது. போன உடனை புல்லைப் போடுங்கோ." பிறகு வாயைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தார். "பல்லிலை ஒரு பிழையும் இல்லை. தீனைப் பாருங்கோ."

வீட்டுக்கு வந்து அறுகம்புல்லைப் போட்டதும் கினி மெதுவாகக் கொறிக்கத் தொடங்கியது. அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கொப்பியை விரித்தேன். மூன்றாம் நாள் மத்தியானத்தில் என் கையெழுத்திலேயே ஒரு வரி இருந்தது: "பையில் எறும்பு. டின்னுக்கு மாற்றினோம்." எந்தச் செய்தியிலும் "என்ன மாறியது, எப்போது?" என்று நிருபர்களைக் குடைந்தெடுத்தவன், நான் எழுதிய வரியை நானே வாசிக்கவில்லை.

நல்லூரில் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் எங்கள் வீட்டில் மீனும் இறைச்சியும் இல்லை. அதற்கு முதல் சமையலறை முழுவதையும் கழுவி, மீன் கரண்டி பட்ட பழைய மிளகாய்த்தூளை அகற்றிவிட்டு, புதுத்தூள் வறுத்து இடித்து வேறொரு வாளியில் போடுவாள் மனைவி. அப்படிக் காலியான பெரிய பால்மா டின்னில்தான், காற்றுப் படாது என்று, பெலட்டைக் கொட்டியிருந்தோம்.

"ரெண்டு நாள் வெயிலிலை காய வைச்ச டின்னப்பா அது! மணந்து பாருங்கோ" என்றாள். மணந்தேன். எனக்கு ஒரு மணமும் வரவில்லை. அவளுக்கும் வரவில்லை.

கொழும்பில் வாங்க நேர்ந்தால் தீனின் பெயர் தேவைப்படும் என்று பழைய பையைச் சுருட்டி வைத்திருந்தேன். அதன் அடியில் ஒரு பிடி பெலட் மிஞ்சியிருந்தது. எறும்பைத் தட்டிவிட்டு அதை ஒரு கிண்ணத்திலும், டின்னில் இருந்ததை இன்னொரு கிண்ணத்திலும் போட்டு அருகருகே வைத்தேன். கினி இரண்டையும் முகர்ந்தது. பைத் தீனில் வாயை வைத்தது. கிண்ணங்களை இடம் மாற்றினேன். கினியும் இடம் மாறியது. "கறுக், கறுக்" என்ற சத்தம் அடுப்படி வரை கேட்டது.

"தின்னுது! இஞ்சாருங்கோ, தின்னுது!" பக்கத்தில் நின்ற என்னையே தூரத்தில் நிற்பவனைப்போல் கூப்பிட்டாள் மனைவி.

டின்னைக் கொட்டி, அடி மடிப்பில் வெள்ளைக் கடதாசி ஒன்றை விட்டு இழுத்தேன். கடதாசியில் கருஞ்சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. மிளகாய்த்தூள். கழுவியும் போகாத பழைய தூள் அந்த மடிப்பில் இறுகியிருந்தது. தினமும் அதில் சமைத்துச் சாப்பிடும் எங்கள் மூக்குக்கு அது மணமாகவே தெரியவில்லை.

கொழும்பு நண்பர் ஒருவர் புதுப் பை வாங்கி யாழ்ப்பாண பஸ்ஸில் போட்டுவிட்டார். மறுநாள் விடிய பஸ் நிலையத்தில் நின்று வாங்கினேன். இம்முறை அது புத்தம்புது போத்தலுக்குள் போனது. டீச்சர் திரும்பிய அன்று தராசு தொள்ளாயிரத்து அறுபத்தைந்து காட்டியது.

பயணக் களைப்போடு வந்தவர் கூட்டுக்கு முன்னால் குனிந்து "கினி" என்றார். தெருவுக்கே கேட்கும்படி அது கத்தியது. பட்டினி போட்டது உட்பட நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் கூட்டின் கதவைத் திறந்தார். பிறகு கினியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப நீ சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாய், உவைக்குத்தான் விளங்கேல்லை" என்று சிரித்தார். நாங்கள் இருவரும் அவரோடு சேர்ந்து சிரித்தோம்.

இப்போதும் யாராவது ஒன்றை வேண்டாம் என்று தள்ளினால், அவர் அடம்பிடிக்கிறார் என்று முடிவுகட்டுமுன், எனக்குத் தெரியாமல் நான் அதில் எதைக் கலந்து கொடுத்தேன் என்று ஒருமுறை தேடிப் பார்க்கிறேன்.