கண்ணை மூடிக்கொண்டு இருந்தவர்

பேக்கரியில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் அழுமூஞ்சி. வாயைத் திறந்தால் கேலியும் கிண்டலும்தான். ஆனால் இமை விளிம்பு எந்நேரமும் சிவந்து, பொடுகு மாதிரி செதில் கட்டி, கண் கலங்கியே இருக்கும். அடுப்புச் சூடும் மாவுத் தூசியும் வேறு சேர்ந்துகொண்டன. இமை அழற்சி, ஒரேயடியாகப் போகாது, தினமும் துடைத்துச் சுத்தமாக வைத்தால் அடங்கிக் கிடக்கும் என்று கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். கண்ணை இமை காக்கும் என்பார்கள். இவருக்கு அந்த இமையைக் காக்கவே ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அந்த ஆள் அவர் மனைவி. வீட்டிலேயே துணி தேய்த்துக் கொடுப்பவள். காலையில் முதல் மூட்டையைத் தேய்த்து முடித்த கையோடு அவரை நாற்காலியில் உட்காரவைப்பாள். வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம், பிறகு கடையில் வாங்கிவந்த ஏதோ ஒன்றால் விளிம்போரமாக ஒரு துடைப்பு.

"ஆடாதீங்க. என்ன, கொழந்தையா நீங்க?" என்பாள்.

அவர் வேண்டுமென்றே ஆடுவார். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் அதுதான் அவர்களுடைய கொஞ்சல்.

ஒரு மத்தியானம் மாரடைப்பு அவளைக் கொண்டுபோய்விட்டது. துக்கத்துக்கு வந்த மச்சினி, "இதையெல்லாம் பாத்துட்டே இருந்தா மனசு தாங்காது மாமா" என்று அக்காவின் மருந்து அலமாரியை ஒட்ட வழித்துக் குப்பையில் போட்டாள். நல்ல மனசுதான். இவருடைய கண் சாமானும் அதோடு போயிற்று.

கொஞ்ச நாளில் இமை ஒட்டத் தொடங்கியது. கண்ணில் பட்ட, இமை கழுவும் நுரை பாட்டில் ஒன்றை வாங்கிப் போட்டார். இமை பணியாரமாக வீங்கிவிட்டது. "இந்தக் கண்ண வச்சுக்கிட்டு அடுப்புகிட்ட நிக்காதீங்க" என்றார் முதலாளி. அதனால் மனைவி வழக்கமாக வாங்கிய மருந்துக்கடைக்கே போய் இமை துடைக்கும் சாமான் கேட்டார்.

"எதுய்யா வாங்குவீங்க?" என்று கேட்டாள் கடைக்காரப் பெண்.

"தெரியலம்மா. நான் கண்ண மூடிட்டுல்ல இருப்பேன்."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட மனைவி கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

"வாசம் தெரியும்மா. மோந்தா சொல்லிருவேன்."

நுரை, ஜெல், ஈரத்தாள் என்று சாம்பிள்களை எடுத்து வைத்தாள். அவர் கண்ணை மூடி முகர்ந்தார். ஒன்று எலுமிச்சை. ஒன்று தைலம் போல மூக்கில் ஏறியது. ஈரத்தாளில் ஒன்றுமே இல்லை; தள்ளி வைத்தார்.

"இதெல்லாம் இல்லம்மா. இளஞ்சூடா, துணி வாசம் மாதிரி ஒண்ணு."

"அப்படி ஒண்ணு வரதே இல்லையேய்யா. வாங்கிட்டுப் போனது யாரு?"

"என் சம்சாரம். குள்ளமா இருப்பா. கையில சூடு பட்ட தழும்பு இருக்கும். வெல பேசாம நகர மாட்டா."

"அந்த அக்காவா?" அவள் ஈரத்தாள் பாக்கெட்டையே திரும்ப நீட்டினாள். "இதுதான்யா. வாசனையே இருக்கக் கூடாதும்பாங்க, பட்டா அவருக்கு இமை வீங்கிரும்னு. ஒவ்வொரு தடவையும் மோந்து பாத்துட்டுத்தான் காசே எடுப்பாங்க. எங்க, அக்காவக் காணோம்?"

அவர் இன்னொரு தடவை முகர்ந்தார். ஒன்றுமே இல்லை. அந்த வாசம் துணி தேய்த்த மனைவியின் கையுடையது.

"இனிமே நாந்தாம்மா வருவேன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை தானே ஒத்தடம் கொடுத்து, தானே துடைத்துக்கொண்டார். நல்ல சாமான்தான். எரியவில்லை, ஒட்டவில்லை, கண் முழுசாகத் திறந்தது. வீட்டில் யாரும் இல்லை.